பேயா? ஈரலா?

விருதுநகர் ஜில்லாவின் கரிசல்காட்டு ஊர்களில் ஒருவர் காலையில் நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்து மாலையில் முன்னுக்குப் பின் முரணாய்ப் பிதற்ற ஆரம்பித்தாரானால், வீட்டிலுள்ளவர்கள் முதலில் நினைப்பது அவருடைய ஈரலைப் பற்றியோ, சிறுநீரகத்தைப் பற்றியோ, இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பற்றியோ அல்ல. உச்சிப்பொழுதில் எந்தக் கண்மாய்க்கரை வழியாக வந்தார், எந்தப் புளியமரத்தடியில் நின்றார், சமீபத்தில் துர்மரணம் அடைந்தவர் யார் என்பவைகளே முதல் விசாரணையாக இருக்கின்றன. பிறகு கோடாங்கி வருகின்றார். உடுக்கை அடிக்கப்படுகின்றது. வேப்பங்குழையால் அடி விழுகின்றது. மிளகாய் வற்றல் புகை முகத்தில் காட்டப்படுகின்றது. நோயாளி திமிறினால் பேய் ஆடுகின்றது என்கின்றார்கள். திமிறத் தெம்பில்லாமல் சாய்ந்துவிட்டால் பேய் இறங்கிவிட்டது என்கின்றார்கள். அவர் சாய்ந்தது மயக்கத்தினாலா, மரணத்திற்கு முந்திய நிலையினாலா என்று கேட்பார் இல்லை.

மூளை கெட்டால்தான் புத்தி தடுமாறும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். அப்படியல்ல. மூளை யாதொரு குறையுமின்றி இருக்கும்போதே, உடம்பின் வேறொரு மூலையில் உண்டான வியாதி அதன் வேலையைக் குலைத்துவிடக் கூடும். தலைக்குள்ளே கட்டியுமில்லை, அடியுமில்லை. ஆனால் நாள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, பெற்ற மகளைத் தெரியவில்லை. இதற்குக் காரணமான வியாதி வயிற்றிலோ, இடுப்பிலோ, கழுத்திலோ, இரத்தத்திலோ இருக்கும். அந்த வியாதியை நேரத்தில் கவனித்தால் பெரும்பாலும் புத்தி தானே திரும்பிவிடுகின்றது.

இந்த உண்மை நமது கிழவிகளுக்கு முற்றிலும் தெரியாததுமல்ல. கடுமையான காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால் "ஜன்னி கண்டிருக்கிறது" என்று சொல்லத் தெரிந்திருந்தது. டைபாய்டு என்கின்ற பெயருக்கே கிரேக்க மொழியில் புகை, மூட்டம் என்பதைக் குறிக்கும் சொல்தான் மூலம். அந்தச் சுரத்தில் அறிவு மூடிக்கொள்வதைப் பார்த்தே அப்பெயர் இட்டார்கள். காய்ச்சலில் பிதற்றுகிறவனுக்குப் பேய் என்று ஏன் சொல்லவில்லை? நெற்றியில் கையை வைத்தால் சூடு தெரிகின்றது. காரணம் கைக்கு அகப்பட்டுவிடுகின்றது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததும், உப்புச் சத்து இறங்கியதும், ஈரலைத் தாண்டி விஷம் மூளைக்குப் போவதும் கைக்கு அகப்படுவதில்லை. கைக்கு அகப்படாத இடத்தில்தான் பேய் குடியேறுகின்றது. ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துச் சர்க்கரையை அறியும் சிறு கருவி எங்கெங்கு போய்ச் சேர்ந்திருக்கின்றதோ அங்கங்கு பேயின் குடியிருப்புக்கு அவ்வளவு இடம் குறைந்திருக்கின்றது.

இருக்கன்குடியையே எடுத்துக் கொள்வோம். சாத்தூருக்குப் பக்கத்தில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகின்ற இடத்திலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம் பல ஊர்களிலிருந்தும் நடந்தே வருகின்றது. அப்படி வருகிறவர்களில் ஐம்பது வயதுள்ள ஒரு பட்டாசுத் தொழிலாளி அம்மாளுக்கு நீரிழிவு என்று வைத்துக் கொள்வோம். அரசாங்கம் 2021ஆம் வருஷம் ஆகஸ்டு 5ந் தேதி ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தின்படி மாத்திரை வீட்டிற்கே வந்துவிடுகின்றது. இது நல்ல காரியந்தான். அம்மாள் தவறாமல் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுகின்றார். ஆனால் விரதம் என்பதாகச் சாப்பிடவில்லை. வெயிலில் பத்துப் பதினைந்து மைல் நடக்கின்றார். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்துக் கொண்டிருப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்து, இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடுகின்றன. மூளை நமது எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றில் 20 பங்கை அதுவே தின்றுவிடுகின்றது. அதற்கு வேண்டிய சர்க்கரை நிமிஷந்தோறும் இரத்தத்தில் வந்துகொண்டே இருக்கவேண்டும். நூறு மில்லி இரத்தத்தில் 70 மில்லி கிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கும்போது வியர்வையும் நடுக்கமும் காணும். இன்னும் இறங்கி 50ஐ நெருங்கினால் கண் நிலைகுத்தும், வார்த்தை குழறும், கோபம் வரும், யாரென்று தெரியாமல் கத்துவார். வியர்த்து, நடுங்கி, தலைவிரி கோலமாய்க் கத்துகின்ற ஒரு பெண்ணைக் கோயில் வாசலில் கண்டால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? "அம்மன் இறங்கிவிட்டாள்" என்று கும்பிட்டுக் குறி கேட்பார்கள்! அம்மன் இறங்கவில்லை, சர்க்கரைதான் இறங்கியிருக்கின்றது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அதே சமயத்தில் புத்தியுள்ள ஒருவர், அந்த அம்மாளுக்கு விழுங்கத் தெம்பிருக்கும்போதே, மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் அவர் விழித்துப் பார்த்து "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேட்பார். (நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். அவருக்கு ஊசி வழியாகத்தான் சர்க்கரை ஏற்றவேண்டும்.) இந்த மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் இருப்பதால், தெளிந்தவர் இரவில் மறுபடியும் மயங்கக்கூடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கவைத்துப் பார்க்கின்றார்கள். கோடாங்கியின் சாஸ்திரத்திலோ இதற்குப் பெயர் "போன பேய் திரும்பி வந்துவிட்டது" என்பதாகும். இரண்டாம் பூசைக்குத் தனிக் கட்டணம்.

இவ்விடத்தில் ஆத்மா வியாபாரிகளை நாம் ஒன்று கேட்கின்றோம். உடம்பு வேறு, ஆத்மா வேறு, ஆத்மாவை நெருப்புச் சுடாது, தண்ணீர் நனைக்காது என்றெல்லாம் பிரசங்கம் செய்கின்றீர்களே, அந்த ஆத்மா மூன்று கரண்டி சர்க்கரை குறைந்தால் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிடுவானேன்? அஸ்காச் சர்க்கரை உள்ளே போனதும் ஞாபகம் திரும்புவானேன்? அறிவு என்பது இந்த உடம்பு ஒழுங்காய் வேலை செய்வதன் பலன் என்றால் இது எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடைக்கின்றது. உடம்புக்குள் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கின்றார் என்றால், அவரைவிட ரேஷன் கடைக்காரர் சக்தியுள்ளவர் என்று ஒப்புக்கொள்ளவேண்டிவரும்.

இனி ஈரலுக்கு வருவோம். நாம் தின்னும் பருப்பும் மாமிசமும் குடலில் செரிக்கும்போது அங்குள்ள கிருமிகளால் அம்மோனியா, அதாவது நவச்சார வாயு, உண்டாகின்றது. இது மூளைக்கு விஷம். ஈரல் இதைப் பிடித்து யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியே அனுப்பிவிடுகின்றது. சாராயத்தினாலோ, காமாலைக் கிருமிகளாலோ ஈரல் சுருங்கிக் கெட்டுப் போனவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. அம்மோனியாவும் வேறு சில விஷங்களும் தடையின்றி மூளைக்குப் போய்ச் சேருகின்றன. ஆரம்பத்தில் அந்த மனிதர் பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டிருப்பார். கையை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னால் பறவை சிறகடிப்பதுபோல் மணிக்கட்டு தானே விழுந்து விழுந்து எழும். வேட்டி கட்டத் தெரியாது. ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசுவார். நடுராத்திரியில் எழுந்து உலாவுகின்றார், யாருமில்லாத இடத்தில் யாரோடோ பேசுகின்றார் என்றால் கோடாங்கிக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்!

டாக்டர்கள் இதற்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து எது தெரியுமா? லாக்டுலோஸ் என்னும் தித்திப்பான திரவம். அது பேதி மருந்து. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை மலம் போகும்படி செய்து, குடலிலுள்ள அம்மோனியாவையும் அதோடு வெளியேற்றுகின்றது. உள்ளே ஈரல் எவ்வளவு கெட்டிருக்கின்றது என்பதைப் பொறுத்தது பலன் என்றாலும், பலர் இரண்டொரு நாளில் தெளிந்து உட்காருகின்றார்கள். பரம்பரை பரம்பரையாய் உடுக்கைக்கும் சாட்டைக்கும் அசையாத பிரம்மராட்சசு பேதி மருந்துக்குப் பயந்து ஓடுகின்றதென்றால் அதனுடைய யோக்கியதையை வாசகர்களே மதிப்பிட்டுக் கொள்ளலாம். அதே நோயாளி தூங்கட்டும் என்று வீட்டார் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தால் நிலைமை படுமோசமாகும். மலச்சிக்கலும், இரத்த வாந்தியும், சிறு காய்ச்சலுங்கூட இவர்களுடைய புத்தியைக் கலக்கிவிடும். இதற்கிடையில் ஈரலைக் கெடுக்கும் சாராயத்தை 2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கின்றது. கெட்ட ஈரலுக்குச் சர்க்காரே இலவச வைத்தியமும் செய்கின்றது.

ஈரலைப் பற்றிப் பேசும்போது சிவகாசிக்காரர்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸ் என்றும் மஞ்சள் பாஸ்பரஸ் என்றும் சொல்லப்படுவது ஒரே சரக்கு. ஐரோப்பாவில் இதைக்கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப் போயிற்று. 1906இல் பெர்ன் நகரத்தில் பல தேசத்தார் கூடித் தீக்குச்சியில் இதை உபயோகிப்பதில்லையென்று ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தபோது இச்சட்டம் ஏற்கெனவே இருந்தபடியால் நமது தொழிலாளிகள் அந்தக் கொடுமைக்குத் தப்பினார்கள். (இன்று பெட்டியின் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ், அது வேறு.) ஆனால் தீக்குச்சியிலிருந்து துரத்தப்பட்ட அதே விஷம் எலி மருந்துப் பசை என்னும் வேஷத்தில் மளிகைக் கடைப் பலகையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது! 2022-23இல்தான் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதன் விற்பனையைத் தடுத்தது. பற்பசை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்த பரிதாபங்களும் உண்டு. இதில் மோசம் என்னவென்றால், முதல் நாள் வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு, பிறகு ஒன்றிரண்டு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்துவிடும். "ஆத்தா காப்பாற்றிவிட்டாள்" என்று ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகின்றார்கள். அந்த நாள்களில்தான் உள்ளே ஈரல் வெந்துகொண்டிருக்கின்றது. பிறகு கண் மஞ்சளாகும், புத்தி கலங்கும். மறுபடி ஓடும்போது காலம் கடந்துவிடுகின்றது. எக்காரணத்தினால் உள்ளே போயிருந்தாலும், எவ்வளவு சுகமாய்த் தோன்றினாலும், டாக்டர் அனுப்புகின்றவரை ஆஸ்பத்திரியை விட்டு அசையக் கூடாது.

நிற்க, பட்டாசு ஆலை விபத்துகளுக்குப் பிறகு வார்டுகளில் நடப்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர்ப் பக்கம் அச்சன்குளத்தில் மறுபடியும் அதே கதி. வருஷந்தோறும் சிறிதும் பெரிதுமாய் நடந்து வருகின்றது. செத்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சாகாமல் சிவகாசி ஆஸ்பத்திரிக்கும் மதுரை இராசாசி ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி மூன்றாம் நாள் யாரும் எழுதுவதில்லை. வெந்த தோல் வழியாக உடம்பின் நீரும் உப்பும் வடிகின்றன. கிருமிகள் இரத்தத்தில் ஏறுகின்றன. சிறுநீரகம் தளருகின்றது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அதுவரை தெளிவாய்ப் பேசிக்கொண்டிருந்த பெண், பக்கத்து அறையில் கருகிச் செத்த தோழியின் பெயரைச் சொல்லி, "அவள் கூப்பிடுகிறாள், நான் போகவேண்டும்" என்கின்றாள். உறவினர் நடுங்கிப் போகின்றார்கள். செத்தவள் இவளையும் கொண்டுபோக வந்துவிட்டாள் என்று முடிவு கட்டி, டாக்டர் சொல்லுக்கு மாறாய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டி வைத்துக் கொண்டுபோகின்றவர்களும் இருக்கின்றார்கள்.

அந்தப் பெண் தன் தோழியைத்தானே நினைப்பாள்? கடைசியாய்க் கண்ணால் கண்டது அவளைத்தானே? மூளை தடுமாறும்போது அதனிடமிருக்கும் சரக்கைத்தான் அது கொட்டும். காசியிலே செத்தவனுடைய பேய் சிவகாசியிலே ஏன் பேசுவதில்லை என்று யோசித்தால் இது விளங்கும். கிருமி இரத்தத்தில் பரவுவதற்கு முதல் அடையாளங்களில் புத்திக் கலக்கமும் ஒன்று. சில சமயம் சுரத்திற்கு முன்னாலேயே அது வந்துவிடுகின்றது. ஆகவே, அது நர்ஸைக் கூப்பிடவேண்டிய மணி. "நேற்றிருந்தபடி இன்று பேசவில்லை" என்று உறவினர் ஓடிப்போய்ச் சொன்னால் அதைவிடப் பெரிய உதவி அந்த நோயாளிக்கு வேறில்லை. இதை வார்டில் ஒரு பலகையில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு யூரியா முதலிய கழிவுகள் தேங்கிப் புத்தி மந்தமாவதும், வயதானவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி உண்டாகி, காய்ச்சல்கூட இல்லாமல் பிதற்றல் வருவதும், இரத்த அழுத்த மாத்திரையோடு வாந்தி பேதியும் சேர்ந்து உப்புச் சத்து இறங்கி வலிப்புக் காண்பதும் டாக்டர்கள் அன்றாடம் பார்ப்பவை. (இறங்கிய உப்பை வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது, அவசரமாய் ஏற்றினாலும் மூளைக்குக் கேடு.) கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மந்தப்பட்டால் பயமும் சந்தேகமும் பிடித்துப் பைத்தியம்போல் ஆகிவிடுவதை இலண்டனில் ரிச்சர்டு ஆஷர் என்னும் டாக்டர் 1949இல் 14 நோயாளிகளைக் கொண்டு எழுதிக் காட்டினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் நமது நாட்டில் வேப்பமரத்தில் கட்டப்பட்டுச் செத்தார்களோ! காக்காய் வலிப்புக்குத் தெய்வம் காரணமல்ல, மற்ற வியாதிகளைப் போல் அதுவும் ஒரு வியாதிதான் என்று கிரேக்க நாட்டு வைத்தியர்கள் சொல்லி 2400 வருஷங்களாகின்றன. நம்மவர்கள் இன்னும் இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கின்றார்கள்.

"நம்பிக்கையினால் என்ன கெடுதல்? டாக்டரையும் பார்க்கட்டும், கோயிலுக்கும் போகட்டுமே" என்று சில சமரசவாதிகள் சொல்லக்கூடும். கெடுதல் இருப்பது காலத்தில். சர்க்கரை அடிமட்டத்திற்கு இறங்கிய மூளை நெடுநேரம் அப்படியே கிடந்தால் பிறகு திரும்பவே திரும்பாது. கிருமி ஏறிய இரத்தம் மணிக்கு மணி மோசமாகின்றது. ஊசிக்கு முன் உடுக்கை என்றால் ஊசிக்கு வேலையில்லாமல் போய்விடும். பணக்காரர்கள் இதை நன்றாய் அறிவார்கள். பெரிய மனிதர் வீட்டில் ஒருவர் பிதற்றினால் கார் நேரே மதுரைக்குப் போகின்றது, நேர்த்திக்கடன் பிறகு. ஒற்றை அறையில் வசிக்கும் கூலிக்காரி பிதற்றினால்தான் பேய். பேய் எப்போதும் ஏழையையும், அதிலும் பெண்ணையும், அதிலும் எதிர்த்துப் பேசத் துணிந்த மருமகளையும் பார்த்துப் பிடிப்பதன் இரகசியம் என்ன? சர்க்கரை அளக்கும் கருவிக்கு ஆயுத பூசையன்று சந்தனம் பூசுகின்ற டாக்டர்களும் நம்மிடையே இருப்பதால், பாமரர்களை மட்டும் குறை சொல்ல நாம் தயாராயில்லை.

இதில் மத வித்தியாசமும் கிடையாது. 1985 வரை விருதுநகரும் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவின் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் 2001 ஆகஸ்டு 6இல் தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் வெந்து மடிந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இரத்தம் சோதிக்கப்பட்டிருந்தது? 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியிடக் கூடாது என்கின்றது. மனத்திலேயே உண்டாகும் வியாதிகளும் வியாதிகள்தான். அவர்களுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மணிக்கணக்கிலோ, சில நாள்களிலோ திடீரென்று வந்த கலக்கம், நேரத்திற்கு நேரம் கூடிக் குறைகின்ற கலக்கம், இரவில் அதிகமாகும் கலக்கம், முன்பு ஒருநாளும் அப்படி இல்லாதவருக்கு வந்த கலக்கம், இவைகளெல்லாம் உடம்பைத் தேடச் சொல்லும் அடையாளங்கள். தூக்கிக்கொண்டு ஓடும்போது அவர் தின்றுவரும் மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போகவேண்டும்.

விருதுநகரில் 1931இல் தோழர் ஆர். கே. சண்முகம் அவர்கள் தலைமையில் சுயமரியாதை மகாநாடு கூடியதை இந்த ஜில்லா மறந்திருக்காது. அன்று இவ்வூரில் இல்லாத மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்துவிட்டது. கல்லூரி வந்தும் கோடாங்கிக்கு வருமானம் குறையவில்லையென்றால் குறை கல்லூரியின் கட்டிடத்தில் இல்லை. மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் பெண் ஊழியர்கள், "விரதமிருக்கும் நாளில் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போடுங்கள், தலை சுற்றி வியர்த்தால் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்" என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு பட்டாசு ஆலையிலும் போர்மேன் மேஜையின்மேல் ஒரு சர்க்கரைக் கருவியும், ஒரு பொட்டலம் சர்க்கரையும் இருக்கும்படி முதலாளிகள் செய்யட்டும். ஒரு பெட்டி சரவெடியின் விலைகூட ஆகாது. இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு முடியிறக்கும் கொட்டகை போடுகிறவர்கள், அதன் பக்கத்திலேயே ஒரு பெஞ்சு போட்டு, சாமி வந்ததென்று ஆடுகிறவர்களுக்கெல்லாம் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நர்ஸை உட்கார வைக்கட்டும். உண்டியல் பணத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

இதைக் கோயில் நிர்வாகத்தாரிடமும் ஜில்லா சுகாதார அதிகாரியிடமும் ஆடி பிறப்பதற்கு முன்பே நேரில் போய்க் கேட்கும்படி சாத்தூர், சிவகாசி, விருதுநகர்த் தோழர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம். கிடைக்கும் பதில் எதுவானாலும் எழுதியனுப்பினால் இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம்.